எண்பது பேருக்கும் வயது நாற்பத்திரண்டு

காலை ஐந்து நாற்பதுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நான் முதலில் பார்த்தது, என்னுடைய எண்பது கேள்வித்தாள்களின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததை. கடல்காற்றில் தாள்கள் பறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி உட்கார்ந்திருந்தார். தாள்களின் மேல் ஒரு பாலித்தீன் பை, பையின் மேல் அவர். பக்கத்தில் காலி மீன்கூடைகள் இரண்டு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகள் கொண்டுவந்த கொஞ்சம் சங்கராவும் காரப்பொடி மீனும் மட்டும் ஏலத்துக்கு வந்திருந்தன.

அவர் மீன் விற்கும் பெண்களின் குழு ஒன்றுக்குத் தலைவி. குழுவில் எண்பது பேர். முந்தைய நாள் மாலை தாள்களை அவரிடம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் வந்து ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வி கேட்டு, நானே நிரப்புவதாக ஏற்பாடு.

என்னைப் பார்த்ததும் எழுந்து பையை உதறினார்.

"வா ரிப்போட்டரம்மா. உனக்கு வேலையே வெக்கல. அல்லாத்தையும் நேத்தே எயுதி முடிச்சாச்சு."

"யார் எழுதினது?"

"என் நாத்தனாரு. பத்தாவது படிச்சிகீறா. பச்சை இங்க்கில எயுதச் சொன்னேன். ஆபீசரு கையெயுத்து மாறி ஷோக்கா கீது பாரு."

பார்த்தேன். எண்பது தாள்களும் பச்சையாக இருந்தன.

நான் பதினேழு வருடம் ஒரு செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தேன். பிறகு அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரியில் இதழியல் பாடம் நடத்தும் தற்காலிக வேலை கிடைத்தது. முனைவர் பட்டம் வாங்கினால் வேலை நிரந்தரம், வாங்காவிட்டால் அடுத்த வருடம் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்தேன். ஆறு வருடம் ஓடியது. தலைப்பு இரண்டு முறை மாறியது, ஆய்வுக் கமிட்டி உறுப்பினர்கள் மூன்று முறை மாறினார்கள். கால நீட்டிப்பும் வாங்கியாயிற்று. அது ஜூன் முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அந்தக் காலையில் கையில் இருந்தது ஆறு வாரம்.

ஆறு வாரம் போதும் என்றுதான் நினைத்தேன். பகுப்பாய்வு அத்தியாயத்துக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதெல்லாம் எழுதி வைத்திருந்தேன், முடிவுரை உட்பட. மீன் விற்கும் பெண்களிடம் கைப்பேசி வந்த பிறகு அவர்களுடைய தனிநபர் முடிவெடுக்கும் திறன் வளர்ந்திருக்கிறது என்பது என் முடிவு. அதை நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி.

கேள்வித்தாளில் வயது, குழந்தைகள், வியாபார அனுபவம் போன்ற விவரங்களுக்குப் பிறகு நாற்பது வாக்கியங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். 'கொஞ்சமும் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்றால் ஒன்று. 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்றால் ஐந்து.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டு தாள்களைப் பிரித்தேன். ராயபுரத்தில் அன்று மின்சாரம் இல்லை. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து படித்தேன். முதல் தாளில் நாற்பது கேள்விக்கும் நாலு. இரண்டாவது தாளிலும் நாலு. நாற்பதை எண்பதால் பெருக்கினால் மூவாயிரத்து இருநூறு பதில்கள். மூவாயிரத்து இருநூறும் நாலு. 'கைப்பேசி என் தொழிலுக்கு மிகவும் பயன்படுகிறது' என்ற பன்னிரண்டாவது வாக்கியத்துக்கும் நாலு. 'கைப்பேசியால் என் தொழிலுக்கு எந்தப் பயனும் இல்லை' என்ற முப்பத்தோராவது வாக்கியத்துக்கும் நாலு.

முன்பக்கத்தைப் பார்த்தேன். எண்பது பேருக்கும் வயது நாற்பத்திரண்டு. எண்பது பேருக்கும் குழந்தைகள் இரண்டு. அந்தக் குழுவில் பல்லே இல்லாத ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கும் நாற்பத்திரண்டு.

மறுநாள் தலைவியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரு புயலுக்கு அப்பால நெவாரணத்துக்கு லிஸ்ட்டு எடுக்க வந்தாங்க. ஒருத்தி வயசு அறுவத்தி ஒண்ணுன்னா, அவள வேற லிஸ்ட்டுக்கு மாத்திட்டாங்க. ஒருத்தி புள்ள வூட்ல கீறேன்னா, அவளுக்கு ஒண்ணுமே வர்ல. ஒருத்தி உண்மைய சொன்னா, அவ இன்னும் ஆபீசுக்கு நடந்துகினு கீறா. அன்னிக்கே முடிவு பண்ட்டோம். எவன் வந்து இன்னா கேட்டாலும் அல்லாருக்கும் ஒரே பதிலு."

"சரி. ஏன் நாலு?"

"அஞ்சு போட்டா ரொம்ப ஆடறாளுங்கன்னுவாங்க. மூணு போட்டா ஏமாளின்னு நெனைப்பாங்க. நாலுதான் மரியாதை."

"வயசு நாற்பத்திரண்டு?"

"பெரிசுங்க அம்பது போடுன்னுதுங்க. சின்னதுங்க முப்பத்தஞ்சுன்னுதுங்க. பேசி முடிச்சோம்."

கைடு என்று எல்லோரும் சொல்லும் ஆய்வு நெறியாளர் எனக்கு ஒருவர் இருந்தார். அமைதியான மனிதர். ஆறு வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தாழ்த்தி மட்டும் கேட்டிருக்கிறேன். அவரிடம் எண்களைக் கொண்டுபோனேன். அவர் அவற்றைக் கணினியில் ஏற்றி மென்பொருளை ஓடவிட்டார். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கணக்கிட முடியாது என்று சொன்னது. இன்னொரு முறை ஓடவிட்டார். இந்த முறை யோசிக்காமலே சொன்னது.

"என்னம்மா இது? எண்பது பேரும் ஒரே ஆளா?"

"இல்லை சார். எண்பது பேர்தான். நேரில் பார்த்தால் ரொம்ப வித்தியாசமாக இருக்கிறார்கள்."

"நேர்ல இருந்து என்ன பிரயோஜனம்? தாள்ல இருக்கணும். ஒருத்தருக்கொருத்தர் மாறுபட்டாத்தான் ஆராய்ச்சி. எல்லாரும் ஒத்துமையா இருந்தா நாம என்ன பண்றது?"

குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

ஆய்வாளர்கள் அறையில் விஷயத்தைச் சொன்னேன். இதற்கா கவலைப்படுகிறீர்கள் என்றார் பொருளாதாரத்தில் எட்டாவது வருடம் ஓட்டிக்கொண்டிருந்தவர். "நீங்களே ஒரு மூடில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள் மேடம். அங்கங்கே ரெண்டு, அங்கங்கே அஞ்சு." மறுக்கிற அளவுக்கு அப்போது எனக்குத் தெம்பு இல்லை. அன்று மதியம் வீட்டில் உட்கார்ந்து பதினொரு தாள்களை நிரப்பினேன். பிறகு, செய்தித்தாள் டெஸ்க்கில் வந்த பழக்கத்தில், எழுதியதைத் திரும்பப் படித்தேன். பதினொரு பெண்களும் கைப்பேசியை அளவாகப் பயன்படுத்தினார்கள். பதினொரு பேருக்கும் மாலையில் தலைவலி. எதிர்காலம் பற்றிப் பதினொரு பேருக்கும் நம்பிக்கை குறைவு. மீன் விற்பவர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் வேலை போன துணை ஆசிரியர்கள். கிழித்துப் போட்டேன்.

அடுத்து வீடு வீடாகப் போனேன். குழுவாக இருந்தால்தானே ஒரே பதில், தனியாகப் பிடித்தால் உண்மை வரும் என்று கணக்கு. முதல் வீட்டில் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார்கள். குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார்கள். நான் முதல் வாக்கியத்தைப் படித்தேன். 'முக்கியமான விஷயங்களில் நான் பிறரைக் கேட்காமல் நானே முடிவெடுக்கிறேன்.'

"ஒரு நிமிசம் இரு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போனை எடுத்தார்.

"யக்கா, ரிப்போட்டரம்மா வூட்டுக்கே வந்துகீது. பிறரைக் கேக்காம நானே முடிவெடுக்கறனான்னு கேக்குது. இன்னா சொல்ட்டும்?"

ஸ்பீக்கரில் தலைவியின் குரல் கேட்டது. "நாலு."

"நாலும்மா" என்றார் என்னிடம்.

அன்று ஆறு வீடு போனேன். ஆறு வீட்டிலும் போன். ஏழாவது வீட்டுக்கு நான் போவதற்குள் தலைவியே அங்கே போன் செய்திருந்தார். கதவைத் திறந்த பெண், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "நாலு" என்றார்.

முனைவர் பட்டம் என்றால் உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பது என்று பதிவு செய்த நாளில் துறைத் தலைவர் உரையாற்றினார். ஆறு வருடம் கழித்து எனக்குத் தெரிந்த வரையில் அது, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து கலர் குடிப்பது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் "இன்னும் முடியலையா?" என்று கேட்கும்போது நான் "எழுதிக்கிட்டு இருக்கேன்" என்பேன். அதுவும் பொய். பெரும்பாலான நாட்களில் யாருடைய கையெழுத்துக்காகவோ காத்துக்கொண்டிருப்பேன்.

நான்கு வாரம் மிச்சமிருந்தபோது தலைவியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னால் எனக்குப் பட்டம் கிடைக்காது, வேலையும் போகும். அவர் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து யோசித்தார்.

"ஆக, நாங்க ஒத்துமையா கீறதுதான் உனக்குக் கஷ்டம்."

"ஆமாம்."

"ஆறு வருசமா இத்தத்தான் படிச்சியா?"

"ஆமாம்."

"சரி வுடு. நாளைக்கு மூணு மணிக்கு வலைக் கொட்டாய்க்கு வா."

மறுநாள் வலை பின்னும் கொட்டகையில் எண்பது பேரும் இருந்தார்கள். தடைக்காலத்தில் வியாபாரம் குறைவு, எல்லோருக்கும் நேரம் இருந்தது. தலைவி எழுந்து நின்றார்.

"இந்தாங்கம்மே, கேளுங்க. நாம ஒரே மாறி சொன்னதுல ரிப்போட்டரம்மாவுக்கு பேஜாராயிடுச்சு. வேற வேற மாறி சொன்னாத்தான் பட்டம் குடுப்பாங்களாம். அத்தொட்டு நானே பிரிச்சுக் குடுத்துடறேன். நீ ரெண்டு. நீ மூணு. நீ அஞ்சு. நீ ஒண்ணு."

ஒன்று ஒதுக்கப்பட்டவர் மார்க்கெட்டில் மீன் வெட்டித் தருபவர். அரிவாள்மனையோடு வந்திருந்தார்.

"எனக்கு இன்னாத்துக்கு ஒண்ணு?"

"யாராச்சும் எடுத்துதான் ஆவணும்."

"அப்ப நீ எடுத்துக்கயேன்."

"நான் தலைவிம்மே."

"அவளுக்கு மட்டும் அஞ்சா? போன் மணி அடிச்சா எந்தப் பக்கம் காதுல வெக்கறதுன்னே தெரியாது அதுக்கு."

ஐந்து ஒதுக்கப்பட்டவர் எழுந்துவிட்டார். "எனக்கா தெரியாது? போன வாரம் பழவேற்காட்டுல எறா வந்துகீதுன்னு போன்ல விசாரிச்சு, ஆட்டோ வெச்சுப் போயி எட்த்துகினு வந்தது யாரு? நீயா?"

"போன்ல கேட்டது உன் மருமவ. நீ ஆட்டோல குந்திகினு வந்த."

கொட்டகையில் சிரிப்பு. எழுந்தவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, மூணு போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான் பேனாவை எடுத்தேன். ஒரு செய்திக்கு இரண்டு தரப்பிடமாவது கேட்கச் சொல்லி நிருபர்களைப் பதினேழு வருடம் திட்டியவள் நான். இங்கே ஒரு பதிலுக்கு எழுபத்தொன்பது தரப்பு. பொய் சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. பக்கத்திலேயே அவருடைய ஓரகத்தியும் சம்பந்தியும் எதிர்க்கடைக்காரியும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி ஒதுக்கிய எண்களை எல்லோரும் மறந்துபோனார்கள். நான் ஒரு பெண்ணுக்கான புதுக் கேள்வித்தாளை எடுத்து வாக்கியத்தைப் படிப்பேன். அவர் ஓர் எண் சொல்வார். மற்றவர்கள் அதைக் குறைப்பார்கள் அல்லது ஏற்றுவார்கள். ஏற்றுவது அபூர்வம். சண்டை அடங்கி நிற்கும் எண்ணை எழுதிக்கொள்வேன்.

நான்கு மதியங்கள் இப்படிப் போயின. இரண்டாம் நாள் வயதுக்கு வந்தோம்.

"நாப்பத்திரெண்டு" என்றார் முதல் பெண், பழக்கத்தில்.

"ஏம்மே, உன் பெரிய பையனுக்கே நாப்பது."

"அவன் கொஞ்சம் சீக்கிரமா பொறந்துட்டான்."

பல்லில்லாதவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. ரேஷன் கார்டு, கல்யாணத் தேதி, எந்த வெள்ளத்தில் எந்தப் பிள்ளை இடுப்பில் இருந்தது என்று பல சான்றுகள் வந்தன. எழுபத்தொன்றுக்குச் சபை வந்து சேர்ந்தது. அவர் அறுபத்தெட்டுக்கு மேல் ஏறமாட்டேன் என்றார். எழுபது என்று எழுதிக்கொண்டேன். பச்சை இங்க் நாத்தனாருக்கு ஐம்பத்து மூன்று என்று தெரியவந்ததில் அவருக்கும் அதைச் சொன்ன ஓரகத்திக்கும் பேச்சு நின்றது. அடுத்த இரண்டு மதியமும் இருவரும் கொட்டகையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து, ஒருவருடைய எண்ணை மற்றவர் குறைத்தார்கள்.

நான்காம் நாள் கடைசியாக ஒரு தாள் மிச்சமிருந்தது. தலைவியுடையது.

"வயசு?" என்றேன்.

"நாப்பத்திரெண்டு."

கொட்டகையில் சத்தமே இல்லை. நான்கு நாளில் முதல் முறையாக எழுபத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மூலையிலிருந்து நாத்தனார் மட்டும் "யக்காவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

தலைவி என் கையிலிருந்து தாளை வாங்கினார். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எயுவத்தொம்போது பேர வெச்சு பட்டம் குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப கூட்டம் முடிஞ்சுபோச்சு. அல்லாரும் கெளம்புங்க."

கைடு எண்களை ஏற்றினார். மென்பொருள் இந்த முறை கணக்கிட்டது. பக்கம் பக்கமாகக் கணக்கிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. எப்படி வாங்கினீங்க?"

சொன்னேன். அவர் வெகுநேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை, சைக்கிள் ஸ்டாண்டு.

"இந்த மெத்தட் எந்தப் புத்தகத்திலயும் இல்லையேம்மா. இதுக்குப் பேரு ஏதாவது இருக்கா?"

"சண்டை."

அவர் ஒரு தாளை எடுத்து, அடித்து அடித்து எழுதி, என் பக்கம் நகர்த்தினார். 'குழுவழி உறுதிசெய்யப்பட்ட தனிநபர் பதில் முறை' என்று இருந்தது. "இப்படிப் போட்டா கமிட்டி ஒண்ணும் கேக்காது" என்றார். கேட்கவில்லை. ஓர் உறுப்பினர் மட்டும் இது வெளிநாட்டில் இப்போது பிரபலமாகி வருவதாகச் சொன்னார்.

எழுதி வைத்திருந்த முடிவுரையைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. கைப்பேசி வந்ததால் யாரும் தனியாக முடிவெடுக்க ஆரம்பிக்கவில்லை. யாரைக் கேட்டு முடிவெடுப்பார்களோ அவரை உடனே கேட்க முடிகிறது, அவ்வளவுதான். இதை நாற்பத்தாறு பக்கத்தில் எழுதினேன்.

ஜூன் முப்பது. ராயபுரம் பைண்டிங் கடையில் நீல ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து பிரதிகளையும் பன்னிரண்டேகாலுக்கு வாங்கிக்கொண்டு கைடின் கையெழுத்துக்காக அவர் கல்லூரிக்குப் போனேன். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், சுருக்கம் என்ற பகுதியில் நிறுத்தினார்.

"எண்பது பேர்னு இருக்கு. அட்டவணையில எழுபத்தொன்பது."

முன்பே எழுதிவைத்த அத்தியாயங்களில் எல்லாம் எண்பது இருந்தது. தேடினோம். ஒரு பிரதிக்குப் பத்தொன்பது இடம். ஐந்து பிரதிக்குத் தொண்ணூற்றைந்து. மறுபடி பைண்டிங் செய்ய நேரமில்லை. ஒயிட்னர் பாட்டில்களும் கறுப்புப் பேனாக்களும் வந்தன. 'எண்பது' இருந்த இடத்தில் 'எழுபத்தொன்பது' கொள்ளவில்லை. எண்ணாக எழுதினோம். நான், கைடு, பொருளாதாரத்தின் எட்டாவது வருடம், மூவரும் வரிசையாக உட்கார்ந்து அழித்தோம், ஊதினோம், எழுதினோம். கைடு எழுதும் ஒன்பது ஊக்கு மாதிரி தொங்கும். அதை அவரிடம் சொல்ல முடியாது. இரண்டே முக்காலுக்கு முடித்து, அவர் கையெழுத்துப் போட்டதும், நான்கு மணிக்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேர நான் ஆட்டோ பிடித்தேன்.

துறைமுகத்து வாசல் பக்கம் ட்ரெய்லர்கள் நின்றன. ஆட்டோ அவற்றின் பின்னால் நின்றது. சும்மா இருக்க முடியாமல் ஒரு பிரதியைப் பிரித்துப் படித்தேன். நூற்று அறுபதாம் பக்கத்தில், ஓர் அட்டவணையின் அடிக்குறிப்பில், இருபதாவது எண்பது இருந்தது. ஒயிட்னர் பையில் இருந்தது. மடியில் வைத்து அழிக்க ஆரம்பித்தேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாம்மா, பரிச்சையா?"

"ஆமாம்."

"இந்த வயசுலயா? வண்டி நிக்கசொல்லோவே எயுதிக்கோ. நவுந்துச்சுன்னா கோணிக்கும்."

ட்ரெய்லர்கள் நகரவில்லை. நான்கு பிரதிகளை அங்கேயே முடித்தேன். ஐந்தாவதை முடிக்கும்போது நகர்ந்தது. அந்தப் பிரதியில் ஒன்பதின் வால் அடுத்த வரி வரைக்கும் போனது.

பல்கலைக்கழக கவுன்ட்டரில் எனக்கு முன்னால் இருவர். என் முறை வந்தபோது எழுத்தர் ஐந்து பிரதிகளையும் தூக்கி எடை பார்ப்பதுபோலப் பார்த்தார். பைண்டிங்கின் முதுகில் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார். நிலுவை இல்லாச் சான்றிதழைக் கேட்டார், கொடுத்தேன். மேல் பிரதியைத் திறந்து பக்க எண்களை மட்டும் விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் இரண்டு பக்கங்கள் ஒயிட்னரில் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தார்.

"ஈரமா இருக்கு."

"ஆமாம் சார்."

முத்திரையை மையில் ஒற்றி, ரசீதில் குத்தி, கீழே நேரத்தை எழுதினார். மூன்று ஐம்பத்திரண்டு.